பிறர் பணம்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

வணிகவியல் படிக்கும் நமக்கு 'முதலீடு' என்பது பத்து மதிப்பெண் வினா. வரையறை தந்து, வகைகளைப் பட்டியலிட்டு, நன்மை தீமைகளை எண்ணிட்டு எழுதினால் ஏழு மதிப்பெண்ணாவது கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை வீடுகள் இருக்கின்றன, எத்தனை திருமணங்களும் கல்லூரிக் கட்டணங்களும் மருத்துவச் செலவுகளும் இருக்கின்றன என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. எனக்கு அதைச் சொல்லித் தந்தது, கோடை விடுமுறையில் சென்னையிலுள்ள ஒரு முதலீட்டு மேலாண்மை நிறுவனத்தில் நான் பெற்ற நான்கு வாரப் பயிற்சி. அந்த அனுபவத்தை ஆண்டு மலர் வழியாக நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நிதி நிறுவனம் என்ற சொல் எங்கள் வீட்டில் நல்ல சொல் அன்று. 1990-களில் எங்கள் ஊரில் தோன்றிய நிதி நிறுவனம் ஒன்றில், அதிக வட்டி கிடைக்கும் என்று நம்பி, நிலம் விற்ற பணத்தை என் தாத்தா கொண்டுபோய்ப் போட்டார். சில மாதங்கள் வட்டி வந்தது. பிறகு கதவில் பூட்டுத்தான் தொங்கியது. அக்காலத்தில் தமிழகத்தில் இப்படி ஏமாந்த குடும்பங்கள் பல. அதனால்தான் வைப்பீடு செய்தவர்களின் நலனைக் காக்க 1997-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்தது, தாத்தாவின் நிலம் திரும்பி வரவில்லை.

ஆகவே, இத்தகைய இடத்துக்குப் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் என் தந்தை, "ஊரார் பணத்தை வாங்கி வச்சுக்கிற இடமா? எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே!" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். நானும் மனத்தில் ஒரே ஒரு கேள்வியோடுதான் சென்றேன். இந்த நிறுவனம் நாளைக்குப் பூட்டிக்கொண்டு போனால், பணம் போட்டவர் கதி என்ன?

நான்கு கட்டங்கள்

முதல் நாள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. திரைப்படங்களில் காண்பதுபோல், கையை உயர்த்திக் கூச்சலிடும் மனிதர்களை எதிர்பார்த்துச் சென்றேன். அங்கோ நூலகத்தின் அமைதி! வரிசையாகக் கணிப்பொறிகள், அவற்றின்முன் குனிந்த தலைகள். பங்குகளை வாங்கி விற்கும் அறைக்கு மட்டும் தனிக் கதவு இருந்தது. சந்தை நேரத்தில் அதனுள் செல்பவர்கள் தம் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கிருந்து பேசப்படும் ஒவ்வொரு பேச்சும் பதிவாகிறது. ஏன் இத்தனை கட்டுப்பாடு?

"நாங்க எதை வாங்கப் போறோம்னு ஐந்து நிமிடம் முன்னாடி வெளியே ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும், தம்பி. அவர் முந்திக்கிட்டு வாங்குவார், விலை ஏறும், ஏறின விலையில நாங்க வாங்கணும். நட்டம் எங்களுக்கு இல்லை, பணம் போட்டவங்களுக்கு" என்று விளக்கினார் ஆய்வுப் பிரிவு அலுவலர். எனக்கு வழிகாட்டியாக அமைந்தவர் அவரே.

என் கேள்வியையும் அவரிடமே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்களை வரைந்தார். முதல் கட்டம், இந்த மியூச்சுவல் ஃபண்டை, அதாவது பரஸ்பர நிதியைத் தொடங்கி வைத்தவர். இரண்டாவது, மக்களின் பணத்துக்குப் பொறுப்பாளர்களாகிய அறங்காவலர்கள். இவர்களுள் பெரும்பாலோர் தொடங்கியவருக்குத் தொடர்பில்லாத வெளியாட்களாக இருக்க வேண்டும். மூன்றாவது, எதை வாங்குவது, எதை விற்பது என்று முடிவு செய்யும் மேலாண்மை நிறுவனம். நான் பயிற்சி பெற்றது இங்கேதான். நான்காவது, வாங்கிய பங்குகளையும் கடன் பத்திரங்களையும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் காப்பாளர். முடிவு செய்பவர் கையில் பொருள் இல்லை. பொருள் வைத்திருப்பவர் முடிவு செய்ய முடியாது. இருவரையும் அறங்காவலர் கண்காணிக்கிறார். எல்லாரையும் 'செபி' எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியம் கண்காணிக்கிறது. மேலாண்மை நிறுவனமே நொடித்துப் போனாலும், அதன் கடன்காரர்கள் மக்களின் பணத்தில் கைவைக்க முடியாது. அது வேறு கணக்கு, வேறு உடைமை.

அறங்காவலர் என்ற சொல் கோயில்களுக்கே உரியது என்று அன்றுவரை எண்ணியிருந்தேன். கோயில் நிலம் அறங்காவலரின் சொந்த நிலம் ஆகாததுபோலவே, இங்கே வந்து சேரும் பணமும் இவர்களுடைய பணம் ஆகாது. என் தாத்தா செய்தது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவர் முதலீடு செய்யவில்லை. முன்பின் அறியாத ஒருவருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்!

"ஆனா ஒண்ணு" என்று அலுவலர் தொடர்ந்தார். "திருட்டுப் போகாதுன்னு சொல்லலாம். நட்டமே வராதுன்னு சொல்ல முடியாது. பங்கு விலை இறங்கினா அந்த இறக்கம் பணம் போட்டவருடையதுதான்." இந்த இரண்டையும் பிரித்தறியாமல்தான் ஒரு சாரார் எல்லாவற்றையும் நம்புகிறார்கள், மற்றொரு சாரார் எதையும் நம்ப மறுக்கிறார்கள்.

ஒரு பழைய பாடம்

முதல் வாரம் முழுவதும் எனக்குப் படிக்கும் வேலைதான். பலர் சிறு தொகைகளை ஒன்று சேர்த்துப் பொதுவாக முதலீடு செய்யும் முறை நேற்று முளைத்தது அன்று. 1774-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் கெட்விச் என்ற வணிகர் இத்தகைய நிதி ஒன்றைத் தொடங்கினார். 1868-இல் இலண்டனில் ஒன்று தோன்றியது. நம் நாட்டில் 1963-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி யூனிட் டிரஸ்ட் அமைந்தது. 1964-இல் 'யூனிட் 64' திட்டம் வந்தது. 1987 முதல் அரசுடைமை வங்கிகளும், 1993 முதல் தனியார் நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. 1992-இல் செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது. 1996-இல் விரிவான விதிகள் வந்தன.

இவற்றுள் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது 'யூனிட் 64' திட்டத்தின் கதை. வங்கி வைப்பைப் போலவே பாதுகாப்பானது என்று எண்ணி, நடுத்தரக் குடும்பத்தினர் ஆண்டுக் கணக்காக அதில் பணம் போட்டனர். அதன் யூனிட் விலை, கையிருப்பில் உள்ள பங்குகளின் உண்மை மதிப்பைக் கொண்டு அன்றன்று கணக்கிடப்படவில்லை. நிறுவனமே விலையை அறிவித்து வந்தது. அறிவித்த விலைக்கும் உண்மை மதிப்புக்கும் இடையே இடைவெளி வளர்ந்தது. கடைசியில் 2001 ஜூலையில் யூனிட்டுகளை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்தி வைக்க நேர்ந்தது. அங்கே பணத்தை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. உண்மை விலையை மறைத்து வைத்ததே போதுமானதாயிற்று!

மாலை மூன்றரை மணிக்குப் பிறகு

இரண்டாம் வாரம் கணக்குப் பிரிவில் கழிந்தது. பகல் மூன்றரை மணிக்குச் சந்தை முடிகிறது. மற்றவர்கள் தேநீர் அருந்தப் போகும் அந்த நேரத்தில்தான் இவர்களுக்கு வேலை சூடு பிடிக்கும். ஒவ்வொரு திட்டத்திலும் உள்ள பங்குகளை அன்றைய இறுதி விலையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வர வேண்டிய வட்டியையும் டிவிடெண்டையும் சேர்க்க வேண்டும். அன்றைய செலவையும் கொடுக்க வேண்டியவற்றையும் கழிக்க வேண்டும். மீதியை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் நிகரச் சொத்து மதிப்பு. 100 கோடி ரூபாய்ச் சொத்தும் 4 கோடி யூனிட்டும் இருந்தால் ஒரு யூனிட்டின் மதிப்பு 25 ரூபாய். நம் ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்த்த பிறகே அது வெளியே போகும். சில திட்டங்களுக்கு நான்கு தசம இடம் வரை பார்க்கிறார்கள்.

"ஒரு பைசா வித்தியாசத்துக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். கணக்குப் பிரிவு அம்மையார் சிரித்தார். "நாலு கோடி யூனிட்டுக்கு ஒரு பைசான்னா எவ்வளவு? நீயே சொல்லு." மனக்கணக்காகப் போட்டேன். நான்கு இலட்சம் ரூபாய்! அதற்குப் பிறகு பைசாவைக் குறித்து நான் பேசவில்லை.

அங்கேயே ஒரு வேலை தந்தார்கள். நிர்வாகச் செலவாக ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூடுதலாகப் பிடித்தால் நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்று கணக்கிடச் சொன்னார்கள். ஒரு இலட்சம் ரூபாய் 25 ஆண்டுகளுக்கு 10 சதவீதக் கூட்டு வளர்ச்சியில் ஏறத்தாழ 10 இலட்சத்து 83 ஆயிரம் ஆகிறது. அதே தொகை 9 சதவீதத்தில் 8 இலட்சத்து 62 ஆயிரம்தான். ஒரே ஒரு சதவீதம். வேறுபாடு இரண்டு இலட்சத்துக்கும் மேல்! நாம் ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்த கூட்டு வட்டிச் சூத்திரம், பணம் போட்டவருக்கு உழைப்பது போலவே அவரிடமிருந்து செலவு பிடிப்பவருக்கும் உழைக்கிறது. முகவருக்குத் தரகு இல்லாமல் நேரடியாக முதலீடு செய்யும் வழி 2013 ஜனவரி முதல் இருக்கிறது. தனக்குத் தானே தெரிந்து முடிவெடுக்கக் கூடியவருக்கு அது இலாபமே.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. மேலாண்மை நிறுவனத்தின் வருமானம், அதனிடம் உள்ள மொத்தப் பணத்தில் இத்தனை சதவீதம் என்பது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கட்டணம் உண்டு. ஆகவே பணம் வந்து சேர்ந்தால் போதும் என்ற ஆசை இத்தொழிலின் உள்ளேயே இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் வாரத்தில் நான் கண்டதற்கு இது அடிப்படை.

பின்பக்கத்திலிருந்து படிப்பவர்கள்

மூன்றாம் வாரம் ஆய்வுப் பிரிவு. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குமுன் அதன் ஆண்டறிக்கையைப் படிக்கிறார்கள். வழவழப்பான தாளில், தலைவரின் புகைப்படத்தோடு தொடங்கும் முன்பக்கங்களை அவர்கள் புரட்டிவிட்டுப் போனார்கள். பின்னால், சிறிய எழுத்தில் உள்ள கணக்குக் குறிப்புகளில்தான் அவர்களுடைய பேனா நின்றது. தணிக்கையாளர் ஏதேனும் குறை சொல்லியிருக்கிறாரா? உரிமையாளரின் உறவினர் நிறுவனங்களோடு கொடுக்கல் வாங்கல் உண்டா? இலாபம் ஏட்டில் மட்டும் இருக்கிறதா, கையில் ரொக்கமாகவும் வந்திருக்கிறதா?

எனக்கும் ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டுக் கணக்கைத் தந்து, விகிதங்களைப் போடச் சொன்னார்கள். விற்பனை 300 கோடியிலிருந்து 420 கோடியாக உயர்ந்திருந்தது. இலாபமும் ஆண்டுதோறும் ஏறியிருந்தது. நல்ல நிறுவனம் என்றே எண்ணினேன். நம் வகுப்பில் படித்த கடனாளிகள் விகிதத்தைப் போட்டபோதுதான் உறுத்தியது. முதலாண்டில் வர வேண்டிய பாக்கி 50 கோடி. அதாவது 61 நாள் விற்பனை. ஐந்தாம் ஆண்டில் பாக்கி 160 கோடி. 139 நாள் விற்பனை! சரக்கு போகிறது, பணம் வரவில்லை. வாங்க முடியாதவர்களுக்கெல்லாம் கடனுக்குத் தள்ளி விற்பனையைப் பெருக்கிக் காட்டுகிறார்களோ?

அலுவலர் என் தாளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கேள்வியை எழுதி வை. அவங்க அதிகாரிகளைச் சந்திக்கும்போது கேட்போம்" என்றார். பாராட்டு என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் போட்ட ஒரு விகிதம், கோடிக்கணக்கான ரூபாய் பற்றிய ஒரு முடிவில் ஒரு கேள்வியாக நின்றதே, அந்த மகிழ்ச்சியை நான் எப்படிச் சொல்வேன்! நம் ஆசிரியர்கள் கற்பிப்பவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

மாதக் கடைசி

நான்காம் வாரம் கீழ்த்தளத்தில், பொதுமக்கள் வந்து போகும் கவுண்டரில் இருந்தேன். மே மாதத்தின் கடைசி நாட்கள். மாத இறுதிக்குள் இவ்வளவு புதிய பணம் திரட்ட வேண்டும் என்ற இலக்கு அந்தப் பிரிவுக்கும் உண்டு. தொலைபேசி அடிக்கடி ஒலித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் முற்பகல், அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். நிரப்பிய விண்ணப்பமும் காசோலையும் கையிலேயே இருந்தன. பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியுமாக வந்த 21 இலட்சம் ரூபாய். அத்தனையையும் சிறு நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் திட்டம் ஒன்றிலேயே போட வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் போட்டது மூன்று வருடத்தில் இரண்டு மடங்காகிவிட்டதாம்.

கவுண்டரில் இருந்த அம்மையார் காசோலையைக் கையில் வாங்கவில்லை. "உட்காருங்க ஐயா" என்று நாற்காலியைக் காட்டினார்.

"இந்தப் பணம் உங்களுக்கு எப்போ வேணும்?"

"இப்போ ஒண்ணும் வேண்டாம்மா. தை மாசம் சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம். அப்போ ஒரு எட்டு லட்சம் எடுத்துக்குவேன்."

"வேற சேமிப்பு இருக்கா?"

"இதான்மா எல்லாம்."

"தை மாசம் நீங்க எடுக்க வரும்போது, இது பாதியா இருந்தா என்ன செய்வீங்க?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. அம்மையார் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 2008 ஜனவரியில் 21 ஆயிரத்தைத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8 ஆயிரத்துக்கும் கீழே போயிற்று. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 26 ஆயிரத்துக்கும் கீழே முடிந்தது. 2021 ஜனவரியில் அதுவே 50 ஆயிரத்தைத் தாண்டியது. "பத்து மாசம் காத்திருக்க முடிஞ்சவங்க பிழைச்சாங்க. அந்த மார்ச்சில கல்யாணமோ ஆஸ்பத்திரியோ இருந்தவங்க விலையைப் பார்க்காம வித்துட்டுப் போனாங்க. எனக்கு வந்த போன்லாம் இன்னும் காதுல இருக்கு, ஐயா. பாதியானது பழையபடி ஆகணும்னா அப்புறம் அது ரெண்டு மடங்கா ஏறணும். கல்யாணம் அதுவரைக்கும் காத்திருக்காது" என்றார்.

பிறகு அவர் சொன்ன யோசனைதான் எனக்கு வியப்பைத் தந்தது. திருமணப் பணத்தை வங்கியில் வைப்பாகப் போடச் சொன்னார். பெரும் பகுதியை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னார்; காலாண்டுக்கு ஒருமுறை வட்டி வரும், வீட்டுச் செலவுக்கு ஆகும் என்றார். ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தொட வேண்டாத தொகை ஏதேனும் மிஞ்சினால், திருமணம் முடிந்த பிறகு, மனைவியையும் அழைத்துக்கொண்டு வரும்படி சொன்னார். பெரியவர் காசோலையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

முதலீட்டு நிறுவனத்தின் கவுண்டரில் இருந்துகொண்டு, வாடிக்கையாளரை அஞ்சலகத்துக்கு அனுப்புகிறாரே!

உள்ளேயிருந்து பிரிவுத் தலைவர் வந்தார். "இருபத்தொரு லட்சம்மா! இன்னிக்கு என்ன தேதின்னு தெரியுமா?" என்றார். குரலில் சினத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டிய இடம் இருக்கிறது. அம்மையார் எழுந்து நின்று, "தெரியும் சார். தை மாசம் அவர் இங்கே வந்து அழுதா, பதில் சொல்ல வேண்டியது நான்தான் சார்" என்றார். பிரிவுத் தலைவர் சற்று நேரம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்த மாதம் அந்தப் பிரிவு இலக்கைத் தொடவில்லை என்று மட்டும் பின்னர் அறிந்தேன்.

எண்ணிப் பார்க்கையில்

அன்று மாலை நெடுநேரம் சிந்தித்தேன். அந்தப் பெரியவரின் காசோலையை வாங்கியிருந்தால் எந்த விதியும் மீறப்பட்டிருக்காது என்றே எனக்குத் தோன்றியது. விண்ணப்பம் சரியாக இருந்தது; கையெழுத்து இருந்தது; 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது' என்ற எச்சரிக்கையும் அச்சாகி இருந்தது. நான்கு கட்டங்களும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கும். கணக்குப் பிரிவு பைசா பிசகாமல் மதிப்பிட்டிருக்கும். ஆய்வுப் பிரிவு நல்ல பங்குகளையே தேர்ந்திருக்கும். ஆனாலும் தை மாதத்தில் சந்தை சரிந்திருந்தால், ஒரு பெண்ணின் திருமணம் நின்றிருக்கலாம்.

சட்டம் பணத்தைத் திருடனிடமிருந்து காக்கும். பொருந்தாத இடத்தில் பணத்தைக் கொண்டுபோய்ப் போடும் மனிதரை, எதிரே அமர்ந்திருக்கும் இன்னொரு மனிதர்தான் காக்க முடியும். அந்தக் காவலுக்கு ஊதிய உயர்வு கிடைப்பதில்லை. சில வேளை ஏச்சும் கிடைக்கும். எல்லாக் கவுண்டர்களிலும் அத்தகையவர் இருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாத இடத்தில் நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, அந்த அம்மையார் கேட்ட மூன்று கேள்விகளை இங்கே எழுதினேன். எப்போது வேண்டும்? இதைத் தவிர வேறு இருக்கிறதா? பாதியானால் என்ன செய்வாய்? இம்மூன்றையும் கேட்காமல் பணத்தை வாங்க வருபவர் எவராயினும், அவரிடம் கொடுக்குமுன் ஒருநாள் பொறுத்திருப்பது நல்லது. இறக்கமே இல்லாமல் அதிக வட்டி தருவேன் என்பவரிடம் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையையேனும் வகுப்பில் கடைசிப் பக்கம் முதல் படித்துக் காட்டுங்கள். நாம் போடும் விகிதங்களுக்கு அப்போது உயிர் வரும்.

நண்பர்களே, பட்டம் பெற்றபின் நம்மில் பலர் வங்கியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ அஞ்சலகத்திலோ இப்படியொரு கவுண்டருக்குப் பின்னால் அமரப் போகிறோம். நம் முன்னால் வந்து நிற்பவர் கையிலுள்ள காசோலை, முப்பது ஆண்டுகள் அவர் ஓட்டிய பேருந்தாக இருக்கலாம். நெய்த தறியாக இருக்கலாம். விற்ற நிலமாக இருக்கலாம். அன்று மாதக் கடைசியாகவும் இருக்கலாம். அப்போதும் காசோலையை வாங்குமுன் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க ஐயா" என்று சொல்லும் மனம் நமக்கு வாய்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.